ஏலகிரி ஏறும்போது திணறும் புல்லட்: ஹெட்டில் போர்ட்டிங் செய்தால் சரியாகுமா?

குடியாத்தம் புல்லட் கேட்டது:

வணக்கம். என்னிடம் இருப்பது 1998 மாடல் புல்லட் 350, பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின். நைனா வாங்கிய வண்டி. அவர் போன பிறகு மூன்று வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. போன தீபாவளிக்குத்தான் வெளியே எடுத்து, ஆயில் மாற்றி, பேட்டரி போட்டு ஓட்ட ஆரம்பித்தேன். தினமும் வேலூர் போய் வருகிறேன், சமதளத்தில் ஒரு குறையும் இல்லை.

பிரச்சினை மலையில்தான். பொங்கல் லீவில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஏலகிரி போனேன். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. ஆறாவது வளைவு தாண்டியதும் மூன்றாவது கியரில் வண்டி திணற ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது கியர் போட்டால் கத்துகிறது, வேகம் வரவில்லை. மேலே போய்ச் சேர்வதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. அம்மாவிடம் சொன்னால் சிரிக்கிறார். நான் குழந்தையாக இருந்தபோது என்னை டேங்க் மேலும் அம்மாவைப் பின்னாலும் உட்காரவைத்து, நைனா இதே வண்டியில் மூன்றாவது கியரிலேயே ஏறுவாராம்.

காட்பாடிப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, காற்று உள்ளே வரும் இன்லெட், புகை வெளியே போகும் எக்ஸாஸ்ட் இரண்டு போர்ட்டையும் பெரிசாக்கி, உள்ளே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, அதாவது போர்ட்டிங் செய்து தருகிறேன், 18 குதிரைத்திறன் 25 ஆகிவிடும் என்கிறார். 9000 ரூபாய் கேட்கிறார். செய்யலாமா? ஹெட் கெட்டுப்போகுமா? மைலேஜ் குறையுமா? இப்போது லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கிடைக்கிறது.

ஆம்பூர் பல்சர்:

அண்ணா, நான் என் 150இல் போன வருஷம் செய்தேன். சத்தம் மாறியது. அந்தச் சத்தத்தையே சக்தி என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் எதையும் மாற்றாத பழைய ஸ்டாக் வண்டி வைத்திருக்கும் பிரெண்டோடு வாணியம்பாடி வரை போட்டி போட்டபோது உண்மை தெரிந்தது. டிராபிக்கில் முன்னைவிட மந்தம். அதிக ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) ஏதோ கொஞ்சம் கூடியிருக்கலாம், அதுவும் சந்தேகம்தான். காசு போனதுதான் மிச்சம்.

சத்துவாச்சாரி லேத்:

தம்பி, நான் 30 வருஷத்துக்கு மேலாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ரீபோர், வால்வு சீட் கட்டிங், கைடு மாற்றுவது, இதுதான் சோறு போடும் வேலை. போர்ட்டிங்கும் செய்திருக்கிறேன், இப்போதும் யாராவது விவரம் தெரிந்து கேட்டால் செய்கிறேன். அதனால் பொறாமையில் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. உங்கள் நைனா மூன்றாவது கியரில் ஏறியபோதும் இதே ஹெட், இதே போர்ட். உலோகத்தில் இருக்கும் துளை 20 வருஷத்தில் சுருங்காது. வண்டியிடம் முன்னால் இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை. போனதைத் தேடாமல், இல்லாததைச் சேர்க்கப் பார்க்கிறார் உங்கள் மெக்கானிக்.

முதலில் அந்த 25 கணக்கைப் பார்ப்போம். குதிரைத்திறன் என்பது இழுவையும் சுற்றும் சேர்ந்தது. உங்கள் வண்டிக்குக் கம்பெனி சொன்ன 18 குதிரைத்திறன் 5600 சொச்சம் ஆர்பிஎம்மில் வருவது. போர்ட்டைத் தோண்டுவதால் ஒரு அடிக்குக் கிடைக்கும் இழுவை பெரிதாகக் கூடாது, உச்ச சுற்றில்தான் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதே இழுவையில் 25 வேண்டுமென்றால் இன்ஜின் 7700க்கு மேல் சுற்ற வேண்டும். புல்லட்டின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ. அந்தச் சுற்றில் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 23 மீட்டர் ஓட வேண்டும். அது ரேஸ் இன்ஜின் வேகம். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக் எண்டில் இருப்பதோ வெறும் புஷ். ஒரு வாரத்தில் கனெக்டிங் ராடு வெளியே வந்து உங்களுக்கு வணக்கம் சொல்லும்.

இன்னொன்று. உங்கள் சிலிண்டர் 346 சிசி. 5500 சுற்றில் நிமிஷத்துக்கு 2750 தடவை மூச்சு இழுக்கும், முழுசாக நிரம்பினால் 950 லிட்டர் காற்று. மலையில் நீங்கள் ஓட்டுவது 3000 சுற்றில். அங்கே தேவை 500 லிட்டர் சொச்சம்தான். 950 லிட்டருக்குத் தாங்குகிற வழி 500 லிட்டருக்கு எப்படி அடைக்கும்? கல்யாண மண்டப வாசல் பந்தி நேரத்தில் நெரிகிறது என்றால் சரி, மதியம் மூன்று மணிக்கும் நெரிகிறது என்றால் வாசலில் யாரோ கட்டிலைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தப் 'போர்ட்டிங்' என்ற வார்த்தைக்கு நம் பக்கத்தில் இவ்வளவு பெயர் வந்ததே யமஹா ஆர்எக்ஸ் 100ஆல்தான். அது டூ ஸ்ட்ரோக். அங்கே போர்ட் என்பது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஜன்னல். எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை அந்த ஜன்னலின் உயரமே முடிவு செய்கிறது. எக்ஸாஸ்ட் ஜன்னலை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் இன்ஜினின் குணமே மாறிவிடும். தெரிந்தவன் செய்தால் பறக்கும், தெரியாதவன் செய்தால் சிலிண்டரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். ஆனால் புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக். திறப்பதும் மூடுவதும் வால்வும், அதைத் தள்ளும் கேமும். போர்ட் வெறும் பாதை. பாதையை அகலமாக்கினால் நேரம் மாறாது. 'ஆர்எக்ஸுக்குச் செய்தேன், பறந்தது' என்பவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது வேறு வேலை.

சரி, ஃபோர் ஸ்ட்ரோக் ஹெட்டில் போர்ட்டிங்கால் பலன் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. எங்கே என்பதுதான் விஷயம். வெளியே தெரிகிற வாயில் இல்லை. வால்வுக்குப் பின்னால் முதல் அரை அங்குலத்தில் இருக்கிறது. ஹெட் அலுமினியம், வால்வு மூடும்போது வந்து உட்காரும் சீட் இரும்பு வளையம், அழுத்திப் போட்டது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவினால் நகம் இடறும். அந்தப் படியை வழித்து, சீட்டுக்குக் கீழே இருக்கும் குழியைச் சீராக்கினாலே நல்ல மாற்றம் கிடைக்கும். தொண்டையின், அதாவது சீட்டுக்குக் கீழே போர்ட் குறுகும் இடத்தின், விட்டம் வால்வு விட்டத்தில் 85இலிருந்து 90 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 40 மி.மீ. வால்வு என்று வைத்துக்கொண்டால் 34இலிருந்து 36. அதைத் தாண்டித் தோண்டினால் சீட்டுக்குக் கீழே பிடிமானம் போய்விடும்.

அடுத்தது உள்வளைவு. போர்ட் வளைந்து வால்வை நோக்கித் திரும்பும் இடத்தில் கீழ்ப்பக்கத்து மேடு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்குப் புரியும். வளைவில் தண்ணீர் வெளிக்கரையை அடித்துக்கொண்டு ஓடும். உள்கரைப் பக்கம் மந்தமாகச் சுழன்றுகொண்டிருக்கும், வெள்ளம் வடிந்ததும் அங்கேதான் மணல் மேடு. காற்றும் அப்படித்தான். உள்வளைவு கூர்மையாக இருந்தால் காற்று அதை ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு போகும், வால்வின் ஒரு பாதி சும்மா கிடக்கும். அங்கே கட்டருக்கு வேலையே இல்லை, எமரித் தாளைக் கம்பியில் சுற்றி மெதுவாக உருட்டிவிட வேண்டும். அவசரக்காரர்கள் டை கிரைண்டரை (கட்டர் சுழலும் கைக்கருவி) விட்டு முதலில் வழிப்பதும் இந்த மேட்டைத்தான். போச்சு.

நானும் அந்த அவசரக்காரனாக இருந்தவன்தான். சென்னை புதுப்பேட்டையில் தொழில் கற்ற காலத்தில், சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்க்கப் போன கிறுக்கு தலைக்கேறியது. ஊருக்கு வந்து பட்டறை போட்ட பிறகு ஒரு மாருதி 800 ஹெட் கிடைத்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி. கட்டரில் அலுமினியம் அப்பிக்கொள்ளாமல் இருக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் தேய்த்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து தோண்டினேன். மூன்றாவது போர்ட்டில் கட்டரின் சத்தம் திடீரென்று மாறியது. கெட்டியான பானையைத் தட்டுவதற்கும் விரிசல் விட்ட பானையைத் தட்டுவதற்கும் இருக்கும் வித்தியாசம். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் கடுகளவு துளை, அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் ஜாக்கெட். வண்டிக்காரருக்கு வேறு ஹெட் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதச் சம்பாத்தியம்.

பாலிஷ் விஷயம். எக்ஸாஸ்ட் போர்ட்டைக் கண்ணாடியாக்கினால் கரி சீக்கிரம் ஒட்டாது, அதில் தப்பில்லை. இன்லெட்டில் வேண்டாம். கார்ப்பரேட்டர் வண்டியில் காற்றோடு பெட்ரோல் துளிகளும் வருகின்றன. சுவர் வழவழவென்று இருந்தால் துளிகள் அதில் படிந்து ஓடையாக வழியும், காற்றில் கலக்காது. 80, மிஞ்சினால் 120 நம்பர் தாள் தேய்த்த சொரசொரப்பு போதும். பார்க்க அழகாக இல்லை என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அப்புறம் முக்கியமானது: உங்கள் கார்ப்பரேட்டர் மிக்கார்ப் 24 மி.மீ. அது அப்படியே இருக்க, போர்ட்டை மட்டும் அகலமாக்கினால், குழாயின் நடுவில் திடீரென்று ஒரு அறை வந்த மாதிரி. காற்றின் வேகம் அங்கே விழும். வேகம் விழுந்தால் குறைந்த சுற்றில் சிலிண்டர் சரியாக நிரம்பாது. அதாவது மலை ஏற எது வேண்டுமோ அதுதான் முதலில் போகும். மைலேஜும் கூடவே போகும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு ஒழுகுகிறது. ஹெட்டைக் கழற்றினால், வால்வு மாட்டியபடியே கவிழ்த்து வைத்து, போர்ட்டுக்குள் பெட்ரோல் ஊற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். சீட்டைச் சுற்றி ஈரம் கசிந்திருந்தால் உங்கள் இழுவை அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று வருஷம் நின்ற வண்டியில் ஏதாவது ஒரு வால்வு திறந்தே இருந்திருக்கலாம், சீட் துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், தீப்பொறி விழும் நேரத்தை (டைமிங்) முன்னே தள்ளும் அட்வான்ஸ் எடைகளைக் கையால் விரித்துப் பாருங்கள். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க டைமிங் முன்னேறாது, வண்டி செத்த மாதிரிதான் போகும். வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராடு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

ஏலகிரி மேல் 1100 மீட்டர். அங்கே காற்று கடல்மட்டத்தில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு மெலிசு. அதனால் உச்சியில் எந்த வண்டியும் கொஞ்சம் சோரும். மே மாதம் வேலூர் வெயில் 42 டிகிரிக்கு வந்தால் அதனாலேயே இன்னொரு ஐந்து சதவீதம் போகும். இதற்கெல்லாம் போர்ட்டைக் குற்றம் சொல்லக் கூடாது.

இருங்காட்டுக்கோட்டை டிராக்:

லேத் அண்ணன் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். நான் சின்ன வண்டி ரேஸ் டீம் ஒன்றில் இன்ஜின் வேலை பார்க்கிறேன். ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன்.

எங்களிடம் ஃப்ளோ பெஞ்ச் இருக்கிறது. ஹெட்டை அதில் மாட்டி, 28 அங்குல நீர்மட்ட அழுத்த வித்தியாசத்தில் காற்றை இழுத்து, வால்வை ஒவ்வொரு மில்லிமீட்டராகத் திறந்து அளப்போம். வால்வு விட்டத்தில் கால் பங்கு உயர்ந்துவிட்டால், அதாவது 40 மி.மீ. வால்வு 10 மி.மீ. தூக்கினால், சுற்றியுள்ள இடைவெளியின் பரப்பும் வால்வின் பரப்பும் ஒன்றாகிவிடும். அதற்குக் கீழே நெருக்கடி சீட்டில், அதற்கு மேலே நெருக்கடி போர்ட்டில். தெருவில் ஓடும் வண்டியின் வால்வு பெரும்பாலான நேரம் பாதித் திறப்பில்தான் இருக்கும். அதனால் 30, 45, 60 என்று மூன்று கோணத்தில் ஒழுங்காகச் சீட் வெட்டினாலே எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும்.

கேட்டால் சிரிப்பீர்கள், சில ஹெட்டில் நாங்கள் போர்ட்டைப் பெரிசாக்குவதில்லை. போர்ட்டின் தரையில் எபாக்ஸி பசை வைத்து மேடாக்கிச் சின்னதாக்குகிறோம். பெஞ்சில் அதிகக் காற்று காட்டிய பெரிய போர்ட், டிராக்கில் வளைவிலிருந்து வெளியே வரும்போது தோற்றிருக்கிறது. அளக்க ஒரு கருவியும் இல்லாமல் 7 குதிரைத்திறன் கூடும் என்று ஒருவர் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.

குடியாத்தம் புல்லட்:

இருவருக்கும் நன்றி. லேத் ஐயா, ஒரு சந்தேகம். செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) ஒரு பல் குறைத்தால் மலைக்கு நல்லது என்கிறார்களே?

சத்துவாச்சாரி லேத்:

உங்களிடம் 17 பல் இருந்து 16 போட்டால் சக்கரத்தில் இழுவை ஆறு சதவீதம் கூடும், சமதளத்தில் இன்ஜின் அந்த அளவுக்கு அதிகம் சுற்றும். தினமும் வேலூர் போய் வருகிறவருக்கு வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு தடவை மலை ஏறுவதற்காக மீதி நாளெல்லாம் வண்டியைக் கத்தவிடுவானேன். முதலில் ஹெட்டைத் திறங்கள்.

குடியாத்தம் புல்லட்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். காட்பாடி மெக்கானிக்கிடம் போகவில்லை. எங்கள் தெருவிலேயே நைனாவுக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கிறார், கண் பார்வை கொஞ்சம் மங்கல், கை மட்டும் பழைய கைதான். அவரை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல நானே கழற்றினேன்.

கம்ப்ரஷன் ஆயில் விட்டும் ஏறவில்லை. பெட்ரோல் ஊற்றினோம், டீ வருவதற்குள்ளேயே எக்ஸாஸ்ட் பக்கம் சொட்டியது. இன்லெட் பரவாயில்லை. எக்ஸாஸ்ட் சீட்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். வேலூரில் சீட் வெட்டி, வால்வு மாற்றி, லேப்பிங் (வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்துவது) போட்டோம். அட்வான்ஸ் எடையில் ஒன்று அசையவே இல்லை, மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்தோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு பேக்கிங் இருந்தது. கடையில் வாங்கியது இல்லை, யாரோ கத்தரிக்கோலால் கையால் வெட்டியது. அதில் இருந்த ஓட்டை போர்ட்டைவிடச் சின்னது, அதுவும் ஒரு பக்கம் தள்ளி. பிறை நிலா மாதிரி ஒரு துண்டு போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் ஊறி மடங்கி, முனை பஞ்சாகப் பிரிந்திருந்தது. பெரியவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதான்டா உங்க வண்டிக்கு போர்ட்டிங்கு" என்றார்.

கூலி எல்லாம் சேர்த்து 3400 ரூபாய் ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி போனோம். 14 வளைவில் கடைசி மூன்றில் மட்டும் இரண்டாவது கியர் போட்டேன், முன்னால் ஒரு பஸ் போனதால். மைலேஜ் இன்னும் அளக்கவில்லை.

சத்துவாச்சாரி லேத்:

சந்தோஷம் தம்பி. 500 கிலோமீட்டர் ஓடியதும் புஷ்ராடை ஒரு தடவை பாருங்கள், புது சீட் கொஞ்சம் உட்காரும், எக்ஸாஸ்ட் பக்கத்துப் புஷ்ராடு இறுகிவிடும். அந்தப் பேக்கிங்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கம் வந்தால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், என்னிடம் வேலை கற்கும் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.